இலையோடு பின்னிய கூடை

சளிக்கு ஆவி பிடிக்கப் போர்வைக்குள் குனிந்தபோது, வெந்நீரில் கிடந்த நொச்சி இலையின் காட்டமான வாசம் என்னை மாரண்டஹள்ளிப் பக்கத்து ஓடைக்கரையில், ஈர நொச்சிக் குச்சிகளை வளைத்துக் கூடை பின்னும் அத்தையின் அருகே கொண்டுபோய் உட்கார வைத்தது. சந்தையில் விற்கப் பின்னும் கூடைகளில் இலையை உருவிவிடுவாள். எங்கள் கோழி அடைபடுக்கும் கூடையில் மட்டும் விளிம்பெல்லாம் இலையை விட்டுவைப்பாள்.

"பொதருன்னு நெனைச்சாத்தான் கோழி நம்பிப் படுக்கும்" என்பாள்.

அவள் கல்யாணமாகிக் கம்பைநல்லூருக்குப் போன பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது. அப்பா ஓடையோரத்து நொச்சியை வேரோடு வெட்டிவிட்டுக் கரையில் தக்காளி நட்டார். தலைப்பிரசவத்துக்கு வந்த அத்தை, கொடுவாளோடு ஓடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

"கோழி இப்ப எங்கண்ணா படுக்குது?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போனார்.