விஜயதசமி அன்று முதல் தோட்டா

போன ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. சிதம்பரத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் மச்சானால் வந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கிறான். குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில். கடலூருக்கு வெளியே ஒரு கிளப் மைதானத்தில் தட்டு சுடப் போவான். மெஷின் ஒன்று ஆரஞ்சு நிறத் தட்டை வானத்தில் விசிறும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு நொறுக்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது, ஒரு மண் தட்டை உடைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தேன். பிறகு என்ன ஆயிற்றோ, அவன் ஒரு தட்டைத் தவறவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்கிற அளவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இடையில் அவன் பைக்கிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டான். எலும்பு ஒட்டியது. ஆனால் அவனுடைய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி உதைக்கிற உதையைத் தோள் தாங்கவில்லை. டாக்டர், ஆட்டத்தை விட்டுவிடச் சொன்னார். அவன் விடுகிற ஆளா? செமி ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்றான். அதில் வெடிக்கிற வேகத்தில் கொஞ்சம் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கே செலவாகிவிடும், தோளுக்கு வருகிற உதை குறையும்.

நல்ல சரக்கின் விலையைக் கேட்டதும் இறால் குட்டையை விற்றால்தான் உண்டு என்று தெரிந்தது. மலிவில் எது உருப்படி என்று தேட ஆரம்பித்தோம். அனுமதிக்காக அலைந்த கதையை விட்டுவிடுகிறேன், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மலிவு துப்பாக்கிகளில் ஒரு வம்பு உண்டு. தட்டு சுடுகிற லேசான தோட்டாவைப் போட்டால் சிலது அடுத்ததை ஏற்றாமல் மூச்சு முட்டி நின்றுவிடும். மோட்டார் பிரித்துப் பழகிய என் புத்தி, கழற்றி மாட்ட எளிதா, ரப்பர் வளையம் போனால் இங்கே கிடைக்குமா என்றே ஓடியது. மச்சானுக்கு அதெல்லாம் கிடையாது. தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறப்பான். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு துருக்கித் தயாரிப்பை நான்தான் பிடிவாதம் பிடித்து எடுக்க வைத்தேன்.

அது கைக்கு வந்தது ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால். பூசை போடாமல் தொடக்கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் பூசை என்றால் ஸ்பேனர், டிரில், தராசு, மிக்ஸி, பைக் எதுவும் தப்பாது. எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். அந்த வருஷம் காலித் துப்பாக்கியும் ஸ்க்ரூ டிரைவர்களுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. விஜயதசமி அன்று மச்சான்தான் முதல் தோட்டா போடப்போகிறான் என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் மச்சான் துப்பாக்கி மேலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு அதைப் பையில் வைத்தான். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி வழி முழுக்கப் பாட்டுதான். மைதானத்தில் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். புதுத் துப்பாக்கி என்றதும் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கியை நடுவில் மடக்கித்தான் தோட்டா போட முடியும். மடக்கினாலே இரண்டு குழலிலும் மறுபக்கத்து வெளிச்சம் கண்ணில் படும். பார்க்க வேண்டும் என்று நினைக்காமலே பார்த்துவிடுவோம். இதை மடக்க முடியாது. தோட்டாவைப் பக்கவாட்டில் போட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே போய்விடும். குழலுக்குள் பார்ப்பது தனி வேலை. அந்த வேலையை அன்று யாரும் செய்யவில்லை.

மச்சான் நின்றான். தோட்டா உள்ளே போனது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது. தட்டை விசிறச் சொல்லிக் குரல் கொடுக்க வாயைத் திறந்தவன், சட்டென்று குழலைத் தரைப் பக்கம் இறக்கி இடது கையை உதறினான்.

"ச்சீ! எறும்பு கடிக்குது மாமா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எறும்புக்குப் போயி எறக்கறியே மச்சான், சுடுடா!" என்றேன். அவனும் மறுபடி தூக்கினான். அப்போதுதான் பார்த்தேன். குழல் முனையிலிருந்து சிவப்பு எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து அவன் கையை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

"சுடாத! சுடாத! தோட்டாவ எடு!"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மச்சான் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றி, சுத்தம் செய்கிற கம்பியைப் பின்பக்கமாக விட்டுத் தள்ளினான். போகவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஓங்கித் தள்ளியதும் ஓர் உருண்டை பொத்தென்று விழுந்தது. காய்ந்த சந்தனம், அதற்குள் கசங்கிய சாமந்தி, பொரி, நாட்டுச்சர்க்கரை. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

கிளப்பில் மூத்தவர் ஒருவர், "அடைப்போட சுட்டிருந்தா கொழல் வெடிச்சிருக்கும்பா. கை போயிருக்கும், மூஞ்சி போயிருக்கும்" என்றார். மச்சான் அப்படியே புல்லில் உட்கார்ந்தான். சுடுடா என்று சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பும்போது பாட்டு இல்லை. "அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா, தாங்காது" என்றான். சரி என்றேன்.

வீட்டு வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா சுட்டியாடா?"

"ம்."

"சுடாம எப்படி? உள்ள பிரசாதம் வச்சிருந்தேன்ல. மேல வச்சா வண்டி ஆட்டத்துல விழுந்துடும்னு ஸ்க்ரூ டிரைவரால அழுத்தித் தள்ளி வச்சேன். வேற எதுக்கும் அப்படி வைக்கல. நீதான் மொதல்ல சுடப் போறேன்னு மாமா சொன்னாரு. உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுல்ல."

மச்சான் என்னைப் பார்த்தான். சொல்லாமல் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷமும் ஆயுத பூசை வருமே. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தம்பியின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். எறும்பு கடித்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. கட்டை விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். சுண்டு விரல் வரை வந்ததும், மறுபடி கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தாள்.