ஆவாரம்பூவின் இரண்டு லத்தீன் பெயர்கள்

ஊருக்கு ஊர் செடியின் பெயர் மாறும், லத்தீன் பெயர் மட்டும் மாறவே மாறாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் ஐம்பத்திரண்டு வயதில். செத்துப்போன மொழி எப்படி மாறும் என்று கேட்டு அலுவலகத்தில் நாலு பேரைச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன்.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. ஆவாரம்பூக் கஷாயம் குடித்தால் குறையும் என்று ஊரிலிருந்து யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். புனேயில் ஆவாரம்பூ என்றால் யாருக்குத் தெரியும்? தேடிப் பார்த்தேன். லத்தீனில் காசியா ஆரிகுலாட்டா, மராட்டியில் தரவட். கட்கி பஜாரில் நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் தரவட் என்றதும் உலர்ந்த பூ பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

அண்ணன் வீட்டில் அதை ஒரு டப்பாவில் கொட்டி, மேலே லத்தீன் பெயரையும் எழுதி ஒட்டினேன். பெரிய விஞ்ஞானி இல்லையா! அண்ணன் கையில் கொடுக்கும்போது ஒரு வசனம் வேறு.

"மாத்திரைக்கெல்லாம் இனிமே ரிட்டயர்மென்ட்தான் அண்ணே. பென்ஷன்கூடக் கிடையாது."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணியும்தான்.

நாலு மாதம் போனது. ஒரு நாள் காலையில் அண்ணி கூப்பிட்டார். அண்ணனுக்கு மூச்சு இறைக்கிறது, பேச்சு குழறுகிறது, அண்ணியையே யாரென்று கேட்கிறார். ஔந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாட்டுமருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்றார் டாக்டரம்மா. டப்பாவை எடுத்துவர ஓடினேன். அண்ணி அந்தப் பழைய பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். திரும்பும்போது ஆட்டோவில் அதன் பொடி எழுத்தைப் படித்தேன். சென்னா ஆரிகுலாட்டா.

என் டப்பாவில் காசியா. பாக்கெட்டில் சென்னா. வேறு செடி! நாலு மாதமாக அண்ணனுக்கு எதையோ காய்ச்சிக் கொடுக்க வைத்திருக்கிறேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சாஹேப், காசியா போலோ, சென்னா போலோ, ஃபூல் தரவட் கா ஹி ஹை" என்றார் நிதானமாக. எந்தப் பெயர் சொன்னாலும் பூ தரவட் பூதானாம். கொலைக்கு உடந்தையானவன் வேறெப்படிப் பேசுவான்? போலீஸிடம் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தைத் தமிழில் தொடங்கி இந்தியில் முடித்து ஒத்திகை பார்த்தபடி வராந்தாவில் நடந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்று, "மைனே ஹி மாரா" என்றேன். நான்தான் கொன்றேன். அண்ணன் உள்ளே உயிரோடுதான் இருந்தார்.

டாக்டரம்மா தன் போனில் தேடிப் பார்த்தார். இரண்டும் ஒரே செடி. காசியா பழைய பெயர், தாவரவியல்காரர்கள் அதை மாற்றி வெகுகாலம் ஆகிறது.

வெட்கமே இல்லாமல் டீ எங்கே கிடைக்கும் என்றுகூட யோசித்தேன்.

"சரி, என்னென்ன மாத்திரை போடுகிறார்?" என்றார் டாக்டரம்மா.

அண்ணி பையைக் கவிழ்த்தார். மாதாமாதம் வாங்கிய அட்டைகள், ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல்.

"என்ன அண்ணி இது? எப்பலேருந்து போடல?"

"பூ வந்த நாள்லேருந்து. நீங்கதானே தம்பி சொன்னீங்க, மாத்திரைக்கெல்லாம் ரிட்டயர்மென்ட்னு."

பூ சரியான பூதான். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் இறந்துபோனார்.