ஒரு பேப்பர் போகிற இடைவெளி

கிடாரைக் கையில் வாங்கியதும் அவர் வாசித்துப் பார்ப்பதில்லை. அதன் அடிப்பாகத்தைத் தோளில் முட்டுக்கொடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தின் நீளத்தை ஒரு முறை மேலிருந்து கீழாகவும் ஒரு முறை கீழிருந்து மேலாகவும் பார்க்கிறார். விற்கிறவர் எதிரே நிற்கிறார். அப்படி ஒருவர் நிற்பதே தெரியாதது போல ஒரு பாவனை. பிறகு மூக்கால் ஒரு நீளப் பெருமூச்சு. "கோணலா இருக்கே," என்கிறார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர் மாதிரி. விற்கிறவரின் முகம் தொங்கிப்போகிறது. வியாபாரத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அந்த ஒரு வார்த்தையால் அவருக்குக் "கோணல்" என்றே பெயராகிவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருட சர்வீஸ். நேரில் "கோணல் அண்ணே", முதுகுக்குப் பின்னால் வெறும் கோணல். அதில் அவருக்குக் கோபம் கிடையாது. "கோணலைக் கண்டுபிடிக்கிறவனைக் கோணல்ங்கிறாங்க. சொல்லிட்டுப் போகட்டும், சம்பளத்துலயா பிடிக்கப் போறாங்க?" என்பார். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, மட்டமான மாடல், இது இப்படித்தான் நிக்கும்," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுத்தான் வெளியே எடுப்பார்.

லிஃப்ட் வேலை வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் பழைய எலக்ட்ரிக் கிடார் தேடுவது. அதுவும் எல்லாரும் தேடுகிற கிடார் அல்ல. பெயர் பெற்ற கம்பெனிகளின் கிடாருக்கு என்ன விலை என்று யார் வேண்டுமானாலும் போனில் தட்டிப் பார்த்துவிடலாம்; அங்கே இவருடைய பருப்பு வேகாது. இவருக்கு வேண்டியது வாயில் நுழையாத பெயர்கள், நாலைந்து வருடம் நடந்து மூடிவிட்ட தொழிற்சாலைகள். "பேரைப் பாத்து வாங்குறவனுக்குப் பேர் கிடைக்கும். நான் மரத்தைப் பாத்து வாங்குறேன்," என்பார். அடிமாட்டு விலைக்கு வாங்கி, அழுக்கெடுத்து, துரு நீக்கி, புதுக் கம்பி மாட்டி, மூன்று மடங்குக்கு விற்றுவிடுவார். கட்டிலுக்கடியில், பீரோவின் மேல், கதவுக்குப் பின்னால் என்று வீட்டில் எப்போதும் ஏழெட்டு கிடார் இருக்கும். ஒன்றுகூட அவருடையது அல்ல. எல்லாம் போகப்போகிறவை.

வாலிப வயதில் ஓர் இசைக்குழுவில் மூன்று வருடம் வாசித்தவர். இரவல் கிடார். குழுவை நடத்தியவர் ஒருநாள், "அதை இங்க வச்சிட்டுப் போ," என்றார். கிடாரும் போயிற்று, வாசிப்பும் போயிற்று. அதற்குப் பிறகு வாங்கிய நூற்றுச்சொச்சத்தில் தனக்கென்று ஒன்றை நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. நிறுத்திக்கொண்டால் அதன் லாபம் போய்விடுமே.

அவருடைய பேரத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. பிடித்த பொருளைப் பார்த்து முகம் மலரக் கூடாது. தண்ணீர் கேட்கலாம், காபி குடிக்கக் கூடாது. காபி குடித்தால் நெருக்கம் வந்து விலை ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாளே வாங்கக் கூடாது. குறையைச் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். "ஒரு வாரம் ஊறட்டும்," என்பார். சொன்ன குறை விற்கிறவரின் மனத்தில் ஊறி ஊறி, எட்டாம் நாள் அவரே கூப்பிட்டு, "நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கோங்க," என்பார். இதுவரை தப்பியதில்லை.

இந்த வித்தை வாசலில் செருப்போடு கழன்றுவிடுவதில்லை என்பதுதான் கஷ்டம். மனைவி சுவருக்கு ஆசையாசையாக வண்ணம் அடித்தால் மூலையில் திட்டுத் தெரிகிறது என்பார். மகள் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மகள் இப்போது படம் காட்டுவதில்லை. "என்னை முதல் தடவை பாத்தப்பவே மூஞ்சியை அப்படித்தான் வச்சிருந்தாரு. எந்தக் குறையைச் சொல்லலாம்னு தேடினாரோ என்னவோ," என்று மனைவி ஒருமுறை வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு, அதன் கூரைமேல் நின்று இரும்புக் கயிறுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்தப் பொந்துக்குள் எல்லா வீட்டுச் சத்தமும் வந்து விழும்: மிக்ஸி, சண்டை, குழந்தையின் அழுகை. அன்று நான்காம் மாடியிலிருந்து கிடார் கேட்டது. வாசிப்பு ஒன்றும் பிரமாதம் இல்லை. விரல் தடுமாறித் தடுமாறி ஒரே இடத்தில் சுற்றியது. ஆனால் ஒவ்வொரு ஒலியும் தெளிவாக எழுந்து, அவசரமில்லாமல் அடங்கியது. கோணல் துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். மரம் நல்ல மரம் என்று தெரிந்துவிட்டது. அதோடு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அதை வாங்கி விற்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

வேலை முடிந்து லிஃப்டுக்குள் வந்தால், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கவனமான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து: "எலக்ட்ரிக் கிடார் விற்பனைக்கு. பழையது. நல்ல நிலையில் உள்ளது. நான்காம் மாடி." கோணல் அதை நாலு மூலையும் கிழியாமல் உரித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

கதவைத் திறந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் முப்பத்தாறு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தனி ஆள். "விரலெல்லாம் மரத்துப் போகுது தம்பி. எங்க அழுத்துறேன்னே தெரிய மாட்டேங்குது. வாசிக்கிறவங்க கையில போய்ச் சேரட்டும்னுதான்," என்று சொல்லிக்கொண்டே, போர்வையில் சுற்றி வைத்திருந்த கிடாரைப் பிரித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிச்சம் பிடித்து வாங்கியது. "கடையில நாலு கிடார் இருந்துச்சு. இதுதான் யாருக்கும் பேர் தெரியாத கம்பெனி. எல்லாரும் வேண்டாம்னாங்க. எனக்கு மட்டும் காதுல விழுந்ததுமே இதான்னு தோணிடுச்சு. வாழ்க்கையில நான் சரியா எடுத்த முடிவு இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

பெயரைப் பார்த்ததும் கோணலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகளுக்குக் கிடார் செய்துகொடுத்த தொழிற்சாலை, மூடுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் சொந்தப் பெயரில் செய்தது இது. கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர கண்ணால் கண்டதில்லை. பெரியவர் கேட்ட விலையோ நியாயத்துக்கும் கீழே. இது எனக்கு என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். பணத்தை எடுத்து நீட்டியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. கிடார் தோளுக்கு ஏறியது, இடது கண் மூடியது.

"கோணலா இருக்கே சார்."

"எங்க தம்பி?"

தடித்த கம்பியை இரண்டு முனையிலும் அழுத்திப் பிடித்துக் காட்டினார். நடுவில் கம்பிக்கும் கழுத்துக் கட்டைக்கும் இடையே மெல்லிய இடைவெளி. மேசையில் கிடந்த காகிதத் துண்டு ஒன்றை அதில் நுழைத்து எடுத்தார். "பாருங்க, பேப்பர் போகுது. கழுத்து வளைஞ்சாத்தான் இப்படிப் போகும்."

அது இருக்க வேண்டிய இடைவெளி. இல்லாவிட்டால் கம்பி அதிர இடமில்லாமல் கட்டையில் மோதிக் கரகரக்கும். நல்ல கிடார் எதிலும் ஒரு பேப்பர் போகத்தான் போகும். கோணலுக்கு இது தெரியும். முப்பத்தெட்டு வருடம் வைத்திருந்தும் அந்த மனிதருக்குத் தெரியாது.

"சரி பண்ண முடியாதா?"

"உள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது சார். தலைப்பக்கம் நட்டு இருக்கும், அதை முறுக்கினா நிமிரணும். இது நிமிருமான்னு சந்தேகந்தான். நாள்பட்ட வளைவு. மரமும் சுமார்." பேச்சு நம்பும்படி இருக்கட்டும் என்று இவ்வளவையும் சேர்த்துச் சொன்னார்.

"இத்தனை வருஷமா வளைஞ்சதைப் போயா வாசிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார் பெரியவர். அது இவரிடம் கேட்டதல்ல. கோணல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாக எழுந்துவிட்டார்.

அந்த வாரம் வீட்டில் ஒரு புது ஆளாகத் திரிந்தார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டினார். இடது கை நகங்களை ஒட்ட வெட்டினார். குளிக்கும்போது ஏதோ மெட்டு முனகினார். மகள் நின்று கேட்டுவிட்டுப் போனாள். மனைவி கொக்கியைப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்."

"விக்கிறதுக்கு இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இன்னும் வாங்காம இருக்கீங்க?"

"ஊறட்டும்," என்றார். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் நாள் போன் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை. பத்தாம் நாள் தானாகவே கிளம்பிப் போனார். அவர் சரித்திரத்தில் அது முதல் முறை. கேட்ட விலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் பாதியைச் சட்டைப்பையிலும் பாதியைக் கால்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. உங்களைக் கூப்பிடவே வெக்கமா இருந்துச்சு," என்றார் பெரியவர். கிடார் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில், நட்டு முறுக்குகிற ஆலன் கீ ஒன்று, விலைச்சீட்டுகூடப் பிரிக்காத புதுசு. "வளைஞ்ச பொருளை நல்ல நிலைன்னு எழுதி ஒட்டிட்டேன் பாருங்க. யாரோ புண்ணியவான் அதைக் கிழிச்சுட்டான். இல்லன்னா யார் தலையிலயாவது கட்டியிருப்பேன். சரி, உங்களுக்குக் குடுக்கிறதையாவது நிமித்திக் குடுப்போம்னு நீங்க சொன்ன நட்டைத் தினம் கொஞ்சம் முறுக்கினேன். பேப்பர் போய்க்கிட்டே இருந்துச்சு. நேத்துத்தான் போகலை. சந்தோஷம் தாங்கலை. இன்னும் ஒரே ஒரு சுத்து, கெட்டியா இருக்கட்டும்னு..." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "மரத்துப்போன கையில்லையா. எவ்வளவு இறுக்குறேன்னே தெரியலை."

கோணல் எடுத்துத் திருப்பினார். கழுத்தின் பின்புறம், தலைக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெடித்த இடத்தில் தெரிந்த மரம் நெருக்கமான ரேகைகளோடு, அவர் கேள்விப்பட்டதைவிட நன்றாக இருந்தது.

"நல்ல கிடார் சார் இது," என்றார். இருபது வருடத்தில் எந்தப் பொருளைப் பற்றியும் அவர் சொல்லாத வார்த்தை.

பெரியவர் சிரித்தார். "போன தடவை சொன்னீங்களே, அதான் தம்பி நிஜம். இப்ப உடைஞ்சு கிடக்கிறதைப் பாத்து மனசு கேக்காம சொல்றீங்க."

"இல்ல சார், சத்தியமா..."

"விடுங்க. நல்ல மரமா இருந்தா ஒரு சுத்துக்கு வெடிக்குமா? அன்னிக்குக் கடையில எல்லாரும் வேண்டாம்னாங்க, அவங்க சொன்னதுதான் சரி. எனக்குக் காதும் பத்தலை, புத்தியும் பத்தலை."

நான் பொய் சொன்னேன் என்கிற ஒரு வாக்கியம்தான் பாக்கி. கோணல் வாயைத் திறந்தார். அதைச் சொன்னால் எதற்காக என்றும் சொல்ல வேண்டும். புண்ணியவான் யார் என்றும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் சரியாக எடுத்த ஒரே முடிவை அவரிடமே திருப்பிக் கொடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு இவரிடம் தைரியம் இல்லை. கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

இரண்டு பையிலிருந்த பணத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பெரியவர் பதறிப்போனார். "சே சே, இதுக்குப் போய்க் காசா? நான் மனுஷனா இருக்க வேண்டாமா?" எல்லாவற்றையும் அள்ளி இவருடைய சட்டைப்பைக்குள்ளேயே திணித்துவிட்டார். "சும்மா எடுத்துட்டுப் போங்க. உதிரி பாகத்துக்காவது ஆகும். இவ்வளவு காலத்துல எங்கிட்ட உண்மையைச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான்." லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார். கிடாரின் தலை இடித்துவிடாமல், கதவைக் கையால் தடுத்துப் பிடித்து உள்ளே அனுப்பினார்.

கதவு மூடியது. கோணல் கிடாரின் கழுத்தை உள்ளங்கையில் ஏந்தி, வெடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வெடிப்பு ஒட்டிக்கொண்டது, கோடுகூடத் தெரியவில்லை. விரலை எடுத்தார். மெல்லத் திறந்துகொண்டது. மறுபடியும் அழுத்தினார். லிஃப்ட் கீழே வந்து நின்றது. கையில் பையோடு காத்திருந்த ஒரு பெண், "இறங்கலையா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் ஏறி, ஐந்தாம் மாடியில் இறங்கிப் போனாள். லிஃப்ட் திரும்பக் கீழே வந்து கதவைத் திறந்தது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கோணல் கட்டைவிரலை எடுக்காமல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.