சொட்டக்காவின் மூன்றாவது புள்ளி

சொட்டக்கா ஸ்லைடை வாய்க்கருகில் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடி துடைப்பவர் மாதிரி ஒரு முறை ஊதுவார். கண்ணாடி லேசாக மங்கும். அந்த மங்கல் மறைவதற்குள் பிப்பெட் என்ற சொட்டுக் குழாயைக் கைநீள உயரத்துக்குத் தூக்கி ஒரு சொட்டு விடுவார். அந்த வேகத்தில் செல்கள் கண்ணாடியில் விழுந்து விரியும், உள்ளிருக்கும் குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரவும். ஈரம் குறைந்தால் அவை கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கூடினால் ஒரு செல்லுடையது பக்கத்துச் செல்லுக்குள் போய் விழும், அப்புறம் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவர் விடும் சொட்டு மட்டும் எப்போதும் சரியாக விரியும். சொட்டக்கா என்பது, ரத்த மாதிரிகளைப் பெட்டியில் கொண்டுவரும் பெட்டிக்காரர் அவருக்கு வைத்த பெயர். ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆளைப் பார்த்தால் தைரியசாலி மாதிரி இருக்கும். உண்மையில் அவரைப்போலப் பயந்தவரை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, செல் வளர்க்கும் பெட்டியின் கதவை மூடினோமா என்று திரும்பி வருவார். மூடித்தான் இருக்கும். "தெரியும்டி, ஆனா பாத்துட்டா நல்லா தூக்கம் வரும்" என்பார்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் பார்க்கவே மாட்டார். குரோமோசோமில் ஒட்டவைக்கும் புதுச் சாயம் மாதா மாதம் வரும்போது, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும். அவர் முறை வரும் நாளில் தலைவலி வரும், இல்லையென்றால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். பெட்டிக்காரர் கூடக் கிண்டல் செய்வார்: "ஊரான் வீட்டு ஜாதகமெல்லாம் பாக்கறீங்க, உங்களோடது மட்டும் பூட்டி வெச்சிருக்கீங்களே."

"என்னோடது நல்லாத்தான் இருக்கு."

"பாக்காமலேவா?"

"பாக்காததாலதான்."

எல்லோரும் சிரிப்போம். சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு கரு நான்காம் மாதத்தில் கலைந்தது என்பதும், அப்போது கணவன் மனைவி இருவரும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அவர் யாரிடமும் காட்டவில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த முறை கரு தங்கி ஐந்தாம் மாதத்துக்கு வந்தபோது டாக்டர் விடவில்லை. பனிக்குட நீரை எடுத்து அனுப்பிவிட்டார். ஊரில் இந்தச் சோதனை செய்யும் இடம் எங்களுடையதுதான். எங்களில் ஒருவருடைய மாதிரியை அவரே தொடக் கூடாது என்பது விதி. பரிசோதனைக்கூடத்தை நடத்தும் மேடம் அதை என்னிடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். வேலையில் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டபோது, "புள்ளி எண்ணறேன்மா" என்றேன். "அதுக்கா இவ்ளோ படிச்சே?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. முதலில் படித்தவர்களுக்கு வரும் ஒரு வியாதி எனக்கும் உண்டு. எது தப்பாகத் தெரிந்தாலும் முதலில் என் கண்ணைத்தான் சந்தேகிப்பேன்.

செல் வளர்ந்து குரோமோசோம் பார்க்க இரண்டு வாரம் பிடிக்கும். அதற்கு முன் அவசரமாக ஒரு சோதனை உண்டு. வளர்க்காத செல்லின் நியூக்ளியஸிலேயே, எல்லோரும் பயப்படுகிற அந்த இருபத்தொன்றாவது குரோமோசோமில் மட்டும் ஒளிரும் சாயத்தை ஒட்டவைப்போம். இருட்டறையில் நீல உருண்டைக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் நிம்மதி. மூன்று தெரிந்தால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்.

நான் உள்ளே போகும்போது அக்கா கதவுக்கு வெளியே தன் மேசையில் வேறு யாருடையதோ ஸ்லைடு செய்துகொண்டிருந்தார்.

"மூஞ்சிய மட்டும் தூக்கி வெச்சுக்காதே" என்றார். "உன் மூஞ்சி கண்ணாடி மாதிரி, எல்லாம் தெரிஞ்சுடும்."

முதல் நியூக்ளியஸில் மூன்று புள்ளிகள்.

சில சமயம் ஒரே புள்ளி இரண்டாகப் பிரிந்தமாதிரி தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியின் அகலம்கூட இல்லையென்றால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். ஆனால் இவை தள்ளித் தள்ளி நின்றன. ஒன்று நடுவில், ஒன்று அதற்குச் சற்றுத் தள்ளி, ஒன்று உருண்டையின் சுவரை ஒட்டி. அடுத்த நியூக்ளியஸிலும் மூன்று. அதற்கடுத்ததிலும். கண்ணைக் கசக்கிவிட்டு ஸ்லைடின் வேறு மூலைக்குப் போனேன். மூன்று.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது கண்டவர் அதைத் தனியாக முடிவு செய்ய மாட்டார். எழுந்துவந்து இரண்டாவது ஆளைக் கூப்பிடுவார். அதனால் இருட்டறைக் கதவு பாதியில் திறந்தால் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். வழக்கமாகக் கூப்பிடப்படும் இரண்டாவது ஆளே சொட்டக்காதான்.

எழுந்து போனால் அவருக்குத் தெரிந்துவிடும். போகாமல் உட்கார்ந்தே இருந்தாலும் தெரிந்துவிடும், நல்ல ஸ்லைடுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. வெளியே அவர் ஊதும் சத்தம் நின்றிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபோனை எடுத்து மேடத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு. கொஞ்ச நேரத்தில் மேடத்தின் செருப்புச் சத்தம் அவர் அறையிலிருந்து கிளம்பி, அக்காவின் மேசையைத் தாண்டி, நேராக என் கதவுக்கு வந்தது. அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

கதவு திறந்த வெளிச்சத்தில் அக்காவின் குரல் கேட்டது: "மெசேஜா அனுப்பினே? எழுந்து வந்திருக்கலாமேடி. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்."

மேடம் நெடுநேரம் பார்த்தார். "எண்ணிக்கையை விடு. அளவைப் பாரு."

பார்த்தேன். ஒன்று பெரிது. மற்ற இரண்டும் சிறியவை, மங்கலானவை. எல்லா நியூக்ளியஸிலும் அப்படியே.

"கூடுதலா ஒண்ணு இருக்கறமாதிரி தெரியல. இருக்கறதுல ஒண்ணு ஒடைஞ்சு, துண்டு வேற எங்கயோ போயிருக்கணும். செல் வளரட்டும். அவளோட ரத்தமும் அவ வீட்டுக்காரரோடதும் வேணும்."

வெளியே அக்கா எழுந்து நின்றிருந்தார். மேடம் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு ரத்தம் எடுக்கும் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து கையை நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஊசின்னா அவ்ளோ பயமாக்கா?" என்றேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"ஊசிக்கு இல்லடி."

கணவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். விரல் இடுக்கில் மையோடு வந்தார். "கோளாறு என்னோடதா இருந்தா உங்கம்மா முன்னாடி நான் தலை நிமிர முடியாது" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "ஒண்ணும் தொலையல. இடம்தானே மாறியிருக்கு? இடம் மாறினா என்ன?"

கல்லூரியில் படித்ததை வைத்துச் சொல்ல முயன்றேன். நாம் ஸ்லைடில் எண்ணும் குரோமோசோம் வீடு மாற்றும்போது கட்டிய மூட்டை. செல் பிரியும் கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்தக் கட்டு. மற்ற நேரமெல்லாம் அது அவிழ்ந்து குரோமாட்டினாக, குடியிருக்கும் வீடாக இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் நீளும் டி.என்.ஏ. நூல், புரத மணிகளில் சுற்றிச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டைக்குள். ஆனால் சிக்கிக்கொள்ளாது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி இடம். செல் அடிக்கடி படித்துப் பயன்படுத்தும் பகுதிகள் தளர்ந்து, பெரும்பாலும் நடுப்பக்கமாக இருக்கும். படிக்க வேண்டாதவை இறுகி, சுவரோடு ஒண்டிக் கிடக்கும்.

"அப்ப நடுவுல இருந்தது சுவர்ப் பக்கம் போனா?"

"சில சமயம் அந்த இறுக்கம் இதுக்கும் வந்துடும். படிக்க வேண்டியது படிக்காம போயிடும்."

"சில சமயம்."

"சில சமயம் ஒண்ணுமே ஆகாது."

"எப்பத் தெரியும்?"

மங்கலான புள்ளிகளில் ஒன்று சுவரை ஒட்டி இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு செல்லில் ஒரு நாள் கண்ட இடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். இவ்வளவு படித்து, ஒருவருக்குப் பயத்தைக் கூட்டுவதற்குத்தான் கற்றுக்கொண்டேனா என்றும் தோன்றியது.

அக்காவின் ரத்தம் முதலில் தயாரானது. சொட்டு விட வேண்டியவள் நான். அவர் உள்ளே வரவில்லை, கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். முதல் ஸ்லைடில் எல்லாம் கட்டியாக ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். இரண்டாவதை ஊதிவிட்டு உயரத்திலிருந்து விட்டேன். விரிந்தது.

இரண்டு இருபத்தொன்றாவது குரோமோசோம்களில் ஒன்றில் முழுப் புள்ளி. இன்னொன்றில் பாதிப் புள்ளி. மீதிப் பாதி நான்காவது குரோமோசோமின் நுனியில் உட்கார்ந்திருந்தது.

இந்த முறை நான் எழுந்துபோய்க் கூப்பிட்டேன். மேடம் பார்த்து, அக்காவையும் அவர் கணவரையும் அறைக்கு அழைத்துச் சொன்னார். கணவருடையது சரியாக இருந்தது.

"உங்க மானம் தப்பிச்சுது" என்றார் அக்கா அவரிடம். அவர் மை படிந்த கையால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இது பிறவியிலேயே உன்கிட்ட இருக்கு" என்றார் மேடம். "முன்னாடி கலைஞ்சதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். அந்தக் கருவுக்குத் துண்டு கூடவோ குறையவோ போயிருக்கும்."

அக்கா தன் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்றார். முடிவு எழுதியாகிவிட்டதால், விதிப்படி இனி அவர் பார்க்கலாம். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ வருஷமா இதோடயா இருந்தேன்" என்றார். நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கே. அம்மா நல்லா இருந்து, குழந்தைக்கும் அதே துண்டு அதே இடத்துல உட்கார்ந்திருந்தா, பெரும்பாலும் குழந்தையும் நல்லாத்தான் இருக்கும்."

பெரும்பாலும். அந்தச் சொல்லை மூவருமே கேட்டோம்.

குழந்தையின் செல் வளர்ந்து ஸ்லைடுக்கு வந்தபோது, மேடமும் நானும் தனித்தனியாகப் பார்த்தோம். அக்காவுக்குப் போலவே நான்காவதின் நுனி. அதே இடம்.

இப்போது எட்டாம் மாதம். சொட்டக்கா இன்னும் வேலைக்கு வருகிறார், மேசைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் பற்றாமல் ஒருக்களித்து உட்கார்ந்து சொட்டு விடுகிறார். போன மாதம் ரத்தம் கொடுக்க ஆள் தேடியபோது பெட்டிக்காரரிடம் அவரே சொன்னார்: "இனிமே என்னைக் கேக்க முடியாது. என் ரத்தத்த வெச்சு எது சரின்னு பாத்தா சாயமே குழம்பிடும்."

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வருவார். அக்காவின் குரோமோசோம் படமும் குழந்தையுடையதும் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திறக்கச் சொல்ல மாட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அதே இடம்."

"சரி" என்று கிளம்புவார். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து மூச்சு வாங்கத் திரும்பி வந்து, செல் பெட்டியின் கதவைத் தொட்டுப் பார்ப்பார். அவர் வருவதற்குள் நான் படத்தை இன்னொரு முறை திறந்து பார்த்திருப்பேன்.