இன்னும் நீலமாகாத மைக்

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் குடும்பப் படம் எதுவும் கிடையாது. போட்டி அறிவிப்புகள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து வெட்டியவை, முகநூலில் யாரோ போட்டதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டவை. ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றி மட்டுமே எழுத வேண்டிய போட்டி ஒன்று. தோட்டத்தைப் பற்றி இனி யாரும் எழுதாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கும் போட்டி இன்னொன்று. முடிவு நாள் தாண்டினாலும் நான் எதையும் எடுப்பதில்லை. கனம் தாங்காமல் காந்தம் ஒருநாள் வழுக்கும், தாள்கள் கொட்டும். பொறுக்கும்போது, ஆமாம், இதற்கும் அனுப்பினேனே என்று நினைவு வரும்.

முடிவுகள் வெளிவரும் ஞாயிறுகளில் பட்டியலைக் கீழிருந்துதான் படிப்பேன். ஆறுதல் பரிசு, பிறகு மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. படியேறுவது போல ஓர் ஆசை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் ஊர் இருக்கும். ஈப்போ, கிள்ளான், சுங்கைப்பட்டாணி. மேல் படிக்கு வந்த பிறகு மறுபடி கீழே இறங்கி ஒருமுறை பார்ப்பேன், அவசரத்தில் தாண்டியிருப்பேனோ என்று. உலு திராம், ஜொகூர் என்ற இரண்டு சொற்கள் என் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை மனதுக்குள் அச்சடித்துப் பார்த்தாயிற்று. வயது நாற்பத்தெட்டு. மை இன்னும் காயவில்லை.

போன ஆண்டு துணிந்து பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். ஒரு டோபிக் கடைக்கு மேலே, மாடியில், கல்யாணக் கார்டும் கோயில் மலரும் அச்சடிக்கிற ஒருவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கதைப் புத்தகமும் போடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். படிக்கட்டு முழுக்கச் சோப்பும் சூடான துணியும் மணந்தன. என் பதினொரு கதைகளையும் கோப்போடு வாங்கி, நின்றபடியே ஒரு கதையை முழுசாகப் படித்தார். அந்த ஐந்து நிமிடமும் நான் கீழே சுழலும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தாம்மா எழுதுறீங்க. ஆனா அட்டையில என்னான்னு போடறது? பரிசு வாங்கின கதை ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும். மத்த பதினொண்ணையும் அது இழுத்துக்கிட்டு வந்துரும்."

"ரயில் இஞ்சின் மாதிரி."

"அதேதான். பெட்டியெல்லாம் ரெடியா இருக்கு. இஞ்சின் கொண்டாங்க, ஓட்டிடலாம்."

அன்றிலிருந்து இஞ்சின் தேடினேன். தம்பி வீடு பண்டார் தெங்காராவில். அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குப் போய், மர வரிசைகளுக்கு நடுவில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். வரிசை வரிசையாக நிழல் விழுந்தது, காற்று ஓலைகளைப் புரட்டியது, கதை வரவில்லை. கொசுதான் வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் சாலையோரத்தில் பார்த்த ஒவ்வொரு முகத்திடமும் ஒரு கதையைப் பிச்சை கேட்டுக்கொண்டே வந்தேன்.

கதை நான் தினமும் ஏறுகிற வேனில் உட்கார்ந்திருந்தது. கடைசி இருக்கையில், ஜன்னலோரம்.

பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில், மின்கம்பி முனைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் பார்த்துத் தள்ளுவது என் வேலை. என்னையும் மலாய்க்கார டிரைவரையும் சேர்த்து வேனில் பதினான்கு பேர். கடைசி இருக்கையில் உட்காரும் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை காலை லார்கின் பேருந்து நிலையத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். இலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றைச் சாப்பிட்டார். மற்றதை மடியில் வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை வேண்டுமென்றே போனேன். அதே இடம், அதே இரண்டு பொட்டலம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் சண்டை போட்டுக்கொண்டு போனவள், இரண்டு வருடமாக வருவதில்லை என்று வேனில் பிறகு யாரோ சொன்னார்கள்.

நான் எழுதுவதற்கு முன் பேசுகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, கதையைக் கைப்பேசியில் சொல்லிவிடுவேன். அதற்காகவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறேன். தங்கையைச் சேர்த்து, உடனே அவளை நீக்கி, நான் மட்டும் மிச்சமிருக்கும் குழு. சாயங்காலம் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். அந்தத் திங்கட்கிழமை ஒன்பது நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பேருந்துகள் வந்தன, போயின, அந்த அம்மாவின் மடியில் மிளகாய்ச் சம்பால் போட்ட சோறு இலையோடு ஆறியது. கதை அங்கேயே முடிந்தது. இஞ்சின் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

நான் பேச ஆரம்பிப்பதற்குச் சற்று முன்புதான் யாரோ 'நாளைக்கு வேன் பத்து நிமிஷம் முந்தி' என்று வேன் குழுவில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழு மேலே ஏறியிருக்கிறது. நான் வழக்கம்போல மேலே இருந்ததைத் தொட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் தட்டச்சு செய்ய உட்காராததால், கதை வேன் குழுவுக்குப் போனது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வேன் கதவைத் திறந்ததும் என்னைச் சுற்றி ஒரே இரைச்சல்.

"அக்கா, அந்தப் பொண்ணு வந்தாளா இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க லா!"

"அலமாக், ராத்திரி சோறு எறங்கல எனக்கு. இப்படியா முடிப்பாங்க?"

"இவ்ளோ நாளு பக்கத்துல ஒக்காந்து என் கச்சான் புத்து எல்லாம் தின்னீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா கத எழுதுவேன்னு?"

"அபா செரித்தா?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்து. என்ன கதையென்று இளையவள் ஒருத்தி மலாயில் சொன்னாள். சிவப்பு விளக்கில் வேன் நின்றது. "கெசியான்," என்றார் அவர், பாவம் என்று இழுத்து. பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

கடைசி இருக்கையைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. இறங்கும்போது அக்கா என் பின்னால் வந்தார்.

"நீ சம்பால சோத்து மேல போட்டுட்ட. என் பொண்ணுக்கு ஒறப்பு ஆகாது. தனியாத்தான் கட்டச் சொல்லுவேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நான் கேட்க வேண்டியதற்கு அவர் இடமே வைக்கவில்லை. அதைவிட மோசம், அந்த நேரத்திலும் என் மனம் போட்டியைத்தான் நினைத்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தலைநகரில் ஒரு சங்கம் நடத்துவது. படிவத்தில் ஓர் உறுதிமொழி: இக்கதை சமூக ஊடகம் உட்பட இதற்கு முன் எவ்வடிவிலும் வெளிவரவில்லை. மத்தியானம் அந்தச் சங்கத்துக்கு ஃபோன் செய்தேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"குழுவுல எத்தன பேரும்மா?"

"என்னோட சேர்த்துப் பதினாலு."

"எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்க. யாருக்காச்சும் அனுப்பியிருந்தா அதையும். அப்புறம் கையெழுத்துப் போடுங்க. நாங்க வந்து பாக்கப் போறதில்ல, உங்க மனசாட்சிதான்."

என் பக்கத்தில் அனைவருக்குமாக நீக்கினேன். சாயங்காலம் வேனில் கேட்டேன். பன்னிரண்டு பேர் யாருக்கும் அனுப்பவில்லை என்றார்கள். டிரைவர் கூடக் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அக்கா மட்டும் தன்னுடைய கைப்பேசியை என் கையிலேயே கொடுத்தார். நேற்றே அவர் அதை மகளுக்கு அனுப்பியிருந்தார். மேலே அவர் எழுதியிருந்த செய்திகள், மாதக்கணக்காக, எல்லாமே பதிலற்று. கீழே என் ஒன்பது நிமிடம். பக்கத்தில் மைக் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கேட்டா நீலமாயிரும்கா," என்றாள் இளையவள் எட்டிப் பார்த்து. "மத்ததெல்லாம் படிச்சாலும் படிக்காத மாதிரி மறைச்சிக்கலாம். வாய்ஸ மறைக்க முடியாது."

"இதையே நான் சொன்னா மறுபடி சண்டைக்கு வரேன்னு நெனப்பா," என்றார் அக்கா. "நீ சொன்னா, கதன்னு கேப்பா. அவ கேக்குற வரைக்கும் இருக்கட்டும்மா. கேட்டதும் நானே அழிச்சிடுறேன். அழிக்க மட்டும் நீ காட்டிக் குடு."

புதன் வந்தது, வியாழன் வந்தது. சாம்பல். வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டியருகே கைப்பேசியில் படிவத்தைத் திறந்தேன். பெயர், முகவரி, ஊர் எல்லாம் நிரப்பியாயிற்று. உறுதிமொழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் பாக்கி.

"தட்டிவிடுங்க லா, யாருக்குத் தெரியப் போவுது," என்றாள், கூடவே வந்திருந்த இளையவள்.

தட்டலாம்தான். அல்லது அக்காவிடம் போய், இன்றுதான் கடைசி நாள், அழித்துவிடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் அழித்திருப்பார். அப்படிப்பட்டவர். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உலு திராம், ஜொகூர் என்று தெளிவாக எழுதியிருந்தது. மணியடித்தது. கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டு என் பூதக்கண்ணாடிக்குப் போனேன்.

முடிவுகள் வந்த ஞாயிற்றுக்கிழமையும் கீழிருந்துதான் படித்தேன். அனுப்பாத கதையின் பெயரைத் தேடுகிறவளை என்னவென்று சொல்வது?

கதையைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். சம்பாலைத் தனிப் பொட்டலமாக மாற்றிவிட்டேன். வேறு போட்டிக்கு வேறு கதை எழுத வேண்டும், பெட்டிகள் பெர்மாஸ் ஜெயாவில் காத்துக்கொண்டிருக்கின்றன. தெரியும். ஆனால் காலையில் வேன் கிளம்பியதும் கடைசி இருக்கையிலிருந்து அந்தக் கைப்பேசி கைமாறிக் கைமாறி முன்னால் வருகிறது. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தச் சின்ன மைக் படம் தெரியாது. என் கைக்கு வரும்போது அதில் எல்லார் விரல்களின் சூடும் இருக்கும். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

நான் முகத்தருகே வைத்துப் பார்க்கிறேன்.

"இல்லக்கா. இன்னும் இல்ல."

"சரி, நாளைக்குப் பாப்போம்," என்கிறார். கைப்பேசி ஒவ்வொரு கையாகத் திரும்பிப் போகிறது.