எவரும் பார்வையிடலாம்

ஒருவன் எங்கே இருக்கிறான் என்று கேட்பதற்கு, கேட்பவர் அவனுக்கு என்னவாக இருக்க வேண்டும்? தத்துவம் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை மேசையில் வைத்து வருடக்கணக்கில் புரட்டலாம். டோக்கன் அக்காவுக்கு அந்த வசதி இல்லை. முப்பது நாளுக்குள், கம்பிவலை போட்ட ஓர் அரசாங்க ஜன்னலுக்கு முன்னால் நின்று அதற்கு விடை காண வேண்டியிருந்தது.

பேருந்து நிலையத்தில் ஒன்பதாம் நடைமேடைக்குப் பின்னால், பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் அறையில் அவள் வேலை பார்த்தாள். ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை டோக்கன்கள். ஒன்று பெட்டியின் கைப்பிடியில் தொங்கும், மற்றது பயணியின் கைக்குப் போகும். இருபத்திரண்டு வருடம் இதே வேலை. பேர் போய் டோக்கன் அக்கா என்பதே பேராகிவிட்டது. நல்லவள் என்று அவளைச் சட்டெனச் சொல்லிவிட முடியாது. வாய் கூர்மை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "பூட்டு இல்லாத பெட்டியா? உள்ள நகை கிகை இருந்தா இப்பவே எடுத்துக்குங்க. அப்புறம் என் தலைய உருட்டாதீங்க" என்பதுதான் பயணிகளுக்கு அவள் சொல்லும் வணக்கம்.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா அப்பா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். பட்டறையில் லேத் ஓட்டினான். கூட வேலை செய்தவனின் விரல் இயந்திரத்தில் போனது. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் மேஸ்திரி பேசிக்கொண்டே நின்றார். தம்பி இரும்புக் கம்பியை எடுத்து மேஸ்திரியின் தோளில் அடித்தான். எலும்பு முறிந்தது. அடித்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"ஓட ஆரம்பிச்சா காலம் பூரா ஓடணும். வா."

அவளே கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டாள். உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து நாலு வருடத் தண்டனை என்று தீர்ப்பு வந்தபோதும் அவள் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

அவனுக்காக வாதாடியது, ஃபைல்களைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு அலையும் ஓர் இளம் பெண் வக்கீல். "மேல்முறையீடு பண்ணா பாதியாவது குறையும். ஆனா முப்பது நாள்தான். அவர் கையெழுத்து வேணும்" என்றாள். முப்பதாவது நாள் சனிக்கிழமை, கோர்ட்டு விடுமுறை. ஆக, இருபத்தொன்பது.

ஐந்தாம் நாள் இருவரும் அவன் இருந்த சிறைக்குப் போனார்கள். வாசல் காவலர் தாளில் விரலை ஓட்டிவிட்டு, "இந்த நம்பர் இங்க இல்ல" என்றார்.

"அப்ப எங்க?"

"பதிவு ஆபீஸ்ல கேளுங்க."

வக்கீல் சிறைத்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினாள். பதிவு ஏதுமில்லை என்று வந்தது. பேரைத் தட்டினாள். நாற்பத்தோரு பேர் வந்தார்கள், ஒருவனுக்கும் இவன் அப்பா பேர் இல்லை. அந்தத் தளத்தில் புது விவரம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதிவு அலுவலகம் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒரு பெஞ்சு, சுவரோரம் ஒரு இரும்பு பீரோ, கம்பிவலை ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு 'அப்புறம் சார்' என்று பேர் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் அவர் அவள் எண் எழுதிக் கொண்டுவந்த சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது க்ளோஸ் ஆயிடுச்சும்மா."

"நம்பர்தானே சார் க்ளோஸ் ஆச்சு? ஆளு என்ன ஆனான்?"

"அதெல்லாம் இதுல வராது. அப்புறம் வாங்க."

பின்னால் நின்ற லாரி டிரைவர் சிரித்தார். அவர் மனைவியின் தம்பியைத் தேடி வந்தவர். "எனக்கு இது நாலாவது அப்புறம். உனக்கு முதலாவதுதானே? பொறுமையா இரு தங்கச்சி."

விஷயம் எளிமையானதுதான், ஆனால் யாரும் சொல்வதில்லை. விசாரணைக் கைதிக்கு ஓர் எண். தண்டனை விழுந்த அன்று அந்த எண் முடிந்து வேறு எண் வரும். சிறையில் இடமில்லை என்று வேறு ஊருக்கு மாற்றினால் அங்கே இன்னோர் எண். குடும்பத்தின் கையில் இருப்பது எப்போதும் முதல் எண்தான். அதை நீட்டினால், அப்படி ஒரு கைதியே இல்லை என்று பதில் வரும். பதில் பொய்யும் அல்ல.

பன்னிரண்டாம் நாள் அவள் மறுபடி போனாள். "சார், எங்க ரூம்ல டோக்கன் மாத்தினா பழைய நம்பருக்கு நேரா புது நம்பர எழுதி வெப்போம். இல்லேன்னா பெட்டிய எங்க போய்த் தேடறது? உங்க புக்குலயும் அப்படி ஒரு கட்டம் இருக்கும். அத மட்டும் பாருங்க."

கிளார்க் அன்றுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கட்டம் இருந்தது. பதிவேட்டின் கடைசிக் கட்டம் அது. "இருக்கு. ஆனா ரத்த சொந்தத்துக்குத்தான் காட்டுவோம். அத்தாட்சி கொண்டாங்க" என்றார். பதினைந்தாம் நாள் குடும்ப அட்டையோடு போனாள், அவர் விடுப்பு. பத்தொன்பதாம் நாளும் விடுப்பு. இருபத்திரண்டாம் நாள் அவர் அட்டையை வாங்கினார், பதிவேட்டைத் திறந்தார், ஒரு வரியில் நின்றார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"நெருங்கிய உறவினர், யாருமில்லை. அவனே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கான். நீ அக்கான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

பதிவேட்டைத் திருப்பி, அந்த ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்துக் காட்டினார். அவன் கையெழுத்துதான். பெஞ்சில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். டோக்கன் அக்கா குடும்ப அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று பிற்பகல் வேலைக்குப் போனாள். ஒரு பெண் டோக்கனோடு வந்து ஓர் ஆணின் பெட்டியைக் கேட்டாள். புதிதாகச் சேர்ந்த ஊழியர் விசாரணையை ஆரம்பித்தார். "இது யாரோடதும்மா? அவருக்கு நீங்க என்ன வேணும்?"

டோக்கன் அக்கா பாய்ந்தாள். "டோக்கன் இருக்கா? இருந்தா எடுத்துக் குடு. என்ன வேணும், ஏது வேணும்னு கேக்க நீ என்ன சம்பந்தம் பேசப் போறியா?"

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே இறக்கினாள். இறக்கிய பெட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் "கொடுங்கம்மா, பஸ் போயிடும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் வக்கீலைப் பிடித்தாள். "இந்தப் புக்க யார் பாக்கலாம்னு சட்டம் எதுவும் இருக்கா?"

"பொதுப் பதிவேடுதான் அக்கா. விதியை எழுதி ஜன்னல் பக்கத்துல மாட்டி வெக்கணும். நான் அங்க பார்த்ததில்லை."

"நான் பார்த்திருக்கேன். பீரோவுக்கு மேல ஒரு கண்ணாடி ஃப்ரேமோட விளிம்பு தெரியும். ஏதோ சாமி படம்னு நெனச்சேன்."

இருபத்தாறாம் நாள், செவ்வாய். மூன்று நாள் மிச்சம். அவள் ஜன்னலுக்குப் போகவில்லை, நேராக பீரோவுக்குப் போனாள்.

"அண்ணே, ஒரு கை குடுங்க."

லாரி டிரைவர் எழுந்தார். "எதுக்கு? சீர்வரிசைக்கா?"

"தள்ளுங்க சொல்றேன்."

இருவர் மூவரானார்கள். பீரோ தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது. கிளார்க் ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார். "ஏய்! அரசாங்கச் சொத்து! கை வெக்காதே!"

"சொத்து எங்கயும் போகலை சார். ரெண்டடி தள்ளி நிக்குது, அவ்வளவுதான்."

பின்னால் சுவரில் மாட்டியிருந்த பலகையின் கண்ணாடியில் விரல் தடிமனுக்குத் தூசி. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பேருந்து அறிவிப்பு மாதிரி உரக்கப் படித்தாள். "கைதிகளின் சேர்க்கை, மாற்றம், விடுதலை ஆகியவற்றுக்கான பதிவேட்டை, எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் எவரும் அலுவலக நேரத்தில் பார்வையிடலாம்."

பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் கேட்டார். "எவரும்னா யாரும்மா?"

"நீங்க. நான். இந்த அண்ணன். வெளிய ரோட்டுல போறவன்."

"போன வாரம் அக்கான்னு சொல்லிக்கிட்டு வந்தியே?" என்றார் கிளார்க்.

"அக்காவா வந்தேன், நீங்க நம்பலை. இன்னிக்கு ரோட்டுல போறவளா வந்திருக்கேன். இப்ப சந்தேகத்துக்கே இடமில்லையே சார்? பாரத்தைக் குடுங்க."

விண்ணப்பத்தில் 'கைதிக்கு உறவு' என்று ஓர் இடம் இருந்தது. அதில் 'எதுவுமில்லை' என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கியதா என்று பிற்பாடு சிலர் லாரி டிரைவரைக் கேட்டதுண்டு. "நடுங்கறதாவது! அழுத்தின அழுத்துல அடியில இருந்த தாள்லயும் விழுந்துது" என்றார் அவர்.

மனிதனுக்கு உரிமைகள் எங்கிருந்து வருகின்றன என்பது பற்றிப் பெரிய பெரிய நூல்கள் உண்டு. உறவிலிருந்து என்பார்கள், ஒப்பந்தத்திலிருந்து என்பார்கள். யாராக இருந்தாலும் சரி என்ற இடத்திலிருந்து ஒன்றைக் கோருவதற்கு முதலில் தான் யாரென்பதைக் கழற்றி வைக்க வேண்டும். அது எவ்வளவு கனமான காரியம் என்று அந்த நூல்கள் சொல்வதில்லை.

கிளார்க் விண்ணப்பத்தோடு உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து சூப்பிரண்டு வந்தார். நகர்ந்து நின்ற பீரோவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், உட்காராமல் நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பேரைப் பார்த்தார். "குடுத்துத் தொலையுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதிவேடு ஜன்னல் வழியே வெளியே வந்தது. பழைய எண், முடிந்த தேதி, புது எண். கடைசிக் கட்டத்தில் ஒரு ரயில் இரவும் பகலும் ஓடினால் போய்ச் சேரும் தூரத்திலிருந்த சிறையின் பேர். அதற்குப் பக்கத்தில் மூன்றாவது எண். அவள் குறித்துக்கொண்டதும் லாரி டிரைவர் தன் மச்சானுக்கு விண்ணப்பம் கொடுத்தார். அந்த மச்சான் விடுதலையாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. "படுபாவி, என் கண்ணுல படாம ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கான்!" என்று அவர் தலையில் கை வைத்தபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது.

வக்கீல் அன்றே ரயில் ஏறினாள். கையெழுத்து வாங்கித் திரும்பி, இருபத்தொன்பதாம் நாள் கோர்ட்டு மூட அரை மணி இருக்கும்போது மனுவைப் போட்டாள்.

"என்ன சொன்னான்?" என்றாள் டோக்கன் அக்கா.

"அக்கா அனுப்பினாங்கன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டார். கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போயிட்டார்."

நாலு வருடம் இரண்டாகக் குறைந்தது. அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வார விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு, வாராவாரம் அந்த அலுவலகத்துக்குப் போனாள். தன் தம்பியின் வரியைப் பார்ப்பாள். பிறகு பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சொல்வாள்: பழைய எண்ணைக் கொடுங்கள், இல்லையா, தீர்ப்புத் தேதியைக் கொடுங்கள், கடைசிக் கட்டத்தைக் கேளுங்கள், "இல்லை" என்று சொன்னால் எதில் இல்லை என்று கேளுங்கள். ஒருமுறை அவளே தவறான வரியைப் படித்து, ஒரு முதியவரைச் சம்பந்தமில்லாத சிறைக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் அலைந்து திரும்பி வந்து அவர் எல்லோர் முன்னாலும் திட்டினார். அவள் முழுதும் கேட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வரிக்கு அடியில் வைத்துப் படிக்க ஓர் அடிக்கோல் கொண்டுவந்தாள்.

அலுவலகப் பணிக்கு இடையூறு செய்கிறாள் என்று பேருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் போனது. மேலாளர் கூப்பிட்டார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"லீவு நாள்ல உக்காந்து படிக்கறேன் சார். கொஞ்சம் பெரிய புக்கு. முடிய நாளாகும்."

கடிதம் மேலாளரின் மேசையிலேயே தங்கிவிட்டது.

தம்பியைப் பார்க்க அவள் ஒருமுறையும் போகவில்லை. விண்ணப்பத்தில் உறவு கேட்ட இடத்தில் ஒவ்வொரு செவ்வாயும் அதே 'எதுவுமில்லை'யைத்தான் எழுதினாள்.

இரண்டு வருடம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது, கிளார்க் அவளை ஜன்னலுக்கு அருகே வரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு மாசம் முன்னாடி வீட்டுக்குத் தகவல் அனுப்புவோம். கூட்டிட்டுப் போக ஆள் வரட்டும்னு. உன் தம்பிக்கு உறவினர்ங்கற இடத்துல யாரும் இல்ல. நானே சூப்பிரண்டுகிட்ட கேட்டுட்டேன், திருத்தலாம்னுட்டார். அக்கான்னு போட்டுடறேன். ஒரு கையெழுத்துப் போடும்மா."

பேனாவின் மூடியைக் கழற்றி, பதிவேட்டின் மேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாரி டிரைவர் அன்று யாரையும் தேடி வரவில்லை, சும்மா வந்திருந்தார். அவரும் எழுந்து நின்றார்.

அவள் அடிக்கோலை வரிக்கு அடியில் வைத்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒருமுறை படித்தாள்.

"வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"அது அவன் எழுதினது சார், அவன்தான் மாத்தணும். எனக்குத் தேதி போதும்." அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள். விடுதலைத் தேதியை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு விலகினாள்.