தானாகத் துள்ளிய கால்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எது வியாதி, எது குணம் என்று தெரியாமல் பெருமாளுக்கு நன்றி சொல்லி மொட்டை போட்டவன் நான். ராஜபாளையத்தில் வியாதிக்கு மொட்டை போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சென்ற ஆடியில் என் மனைவி விஜயா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். நடுமுதுகில் எலும்பு நொறுங்கிவிட்டது. மதுரையில் ஆபரேஷன். உயிர் தப்பியது. ஆனால் இரண்டு கால்களும் துவண்டு, தூக்கி வைத்த இடத்திலேயே கிடந்தன. நான் மில்லில் பிட்டர். நின்றுபோன எந்த மெஷினையும் ஓட வைப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன். அந்தக் கால்களுக்கு முன்னால் ஒன்றும் ஓடவில்லை. வாய் ஓயாமல் கேலி பேசுகிற எனக்குச் சிரிப்பே மறந்துபோனது. பெருமாளே, ஒரு தடவை அசைத்துக் காட்டு என்று அழுதேன்.

புரட்டாசி பிறந்ததும் அசைந்தது. நான் போர்வையை இழுத்தபோது அவள் வலது கால் வெடுக்கென்று உதைத்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி உதைத்தது. வார்டு முழுக்கச் சொன்னேன். அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, செத்த பொறுங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பொறவு மொட்டை போடலாம்" என்றார்.

"பெருமாளுக்கு டாக்டர் கையெழுத்து வேணுமாக்கும்?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போய் முடியிறக்கிவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு வார்டுக்குத் திரும்பினேன். டாக்டரம்மா விஜயாவின் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேலே தூக்கியது. நான் கைகூப்பினேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போனார்.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு வருவது மேல் நரம்பு, அங்கிருந்து காலுக்குப் போவது கீழ் நரம்பு என்றார். கீழ் நரம்பு போனால் கால் சூம்பி, தட்டினாலும் சும்மா கிடக்கும். மேல் நரம்பில் அடிபட்டால் புதிதில் அதிர்ச்சியில் துவண்டு கிடக்கும், பிறகு விறைக்கும், தொட்டாலே துள்ளும், பெருவிரல் மேலே தூக்கும். விஜயாவுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை.

"அவங்க உதைக்கலைங்க. கால் தானா உதைக்குது. மூளை சொல்றது இன்னும் அங்க போய்ச் சேரல."

உள்ளே போய் எப்படிச் சொல்வது என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"நான் உதைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சீங்க. அதான் சொல்லல."

அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை பெருமாளுக்குத்தான் தெரியும். அதன் பிறகு கால் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் சொல்லி அசைகிற ஒரே ஒரு அசைவைக் கொடு என்று கேட்டேன்.

பிசியோ சார் தினமும், "பெருவிரலைக் கீழ அமுக்குங்கம்மா" என்பார். அவள் பல்லைக் கடிப்பாள். ஒன்றும் நடக்காது. கார்த்திகையில் ஒரு காலை, அடியில் வைத்திருந்த அவர் விரலை வலது பெருவிரல் மெல்ல அமுக்கியது. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் போடவில்லை. பட்ட பாடு போதும். டாக்டரம்மா வந்து கை வைத்துப் பார்த்தார். அமுக்கு என்றால் அமுக்கியது, விடு என்றால் விட்டது.

"இது நான்" என்றாள் விஜயா.

இன்று வலது கால் ஓரளவுக்கு அவள் சொல்வதைக் கேட்கிறது. இடது கால் இன்னும் அவளுடையதாக ஆகவில்லை, பாதித் தூக்கத்தில் துள்ளி அவளை எழுப்பிவிடுகிறது. பெருமாள் மலைப்படியில் எப்போதும் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்று சிரிப்பவள். இப்போது நான் தனியாக ஏறுகிறேன். பாதியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் மீதியை ஏற முடிகிறது. ஆனாலும் கேட்டதைக் கொடுத்தவன் பெருமாள். காலையில் அவள் கால்களை நீவி மடக்கி நீட்டிவிட்டுத்தான் மில்லுக்குப் போகிறேன், அதுவே எனக்குப் பூஜை. உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால் அவனை நம்பிக் கேளுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள், அதற்காக அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

போன வாரம் விஜயா கம்பியைப் பிடித்து எழுந்து, பிசியோ சார் பத்து எண்ணும்வரை நின்றாள். அடுத்த புரட்டாசிக்கு மலையேறுவாள் என்று எழுதி இதை முடித்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"நின்னதை மட்டும் எழுதுங்க."